லிங்கின் பார்க்கின் புதுப் பாட்டும் நம் ஆட்களின் வாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டெம்பரில் தொடங்கி, 2024 நவம்பர் நடுப்பகுதியாகிய இன்று வரை, போகிற இடமெல்லாம் லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு புதுப் பாடகியோடு திரும்பி வந்த கதைதான். வெள்ளவத்தையில் மரக்கறி வாங்கப் போனாலும், அலுவலகத்தில் தேத்தண்ணீர் நேரத்திலும், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் பிடித்துக்கொள்கிறார்கள். "நீதானே அந்த பேண்டுக்குப் பைத்தியம், நீ சொல்லு" என்கிறார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவருக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு என் தேத்தண்ணீரை நான் சூடாகக் குடிக்கலாம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

லிங்கின் பார்க் எண்டா ஆர்? எனக்குத் தெரிஞ்ச பாட்டு ஏதும் இருக்கா?

கேட்டது என் பெரியக்கா. அக்கா, உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2003-இல் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட பாட்டுக்கு "உந்தச் சத்தத்தைக் குறையடா" என்று கத்துவீர்களே, அவர்கள்தான்.

கலிபோர்னியாவில் 1996-இல் 'ஸீரோ' என்ற பெயரில் தொடங்கிய ராக் இசைக்குழு. இரண்டு குரல்கள் அதன் அடையாளம்: மைக் ஷினோடா ராப் சொல்வார், செஸ்டர் பென்னிங்டன் பாடுவார், பாடிக்கொண்டிருக்கும்போதே அலறுவார். 2000 ஒக்டோபரில் 'ஹைப்ரிட் தியரி', 2003 மார்ச்சில் 'மீட்டியோரா' என்று பாட்டுத் தொகுப்புகள் வந்தன. 'இன் தி எண்ட்' பாட்டின் தொடக்கத்தில் வரும் பியானோவை நீங்கள் எங்கேயாவது ஒரு கடையிலாவது கேட்டிருப்பீர்கள். 'நம்ப்' வீடியோ யூடியூபில் நூறு கோடி பார்வைகளை எப்போதோ தாண்டிவிட்டது.

அப்ப இப்ப என்ன புதுசா நடந்தது? ஏன் எல்லாரும் குதிக்கிறாங்க?

2017 ஜூலை 20-ஆம் திகதி செஸ்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. அந்த வருஷம் ஒக்டோபரில் 'ஹொலிவூட் போல்' அரங்கில் ஒரு நினைவுக் கச்சேரி நடந்தது, அதன் பிறகு மேடை இல்லை. 2023-இல் பழைய பெட்டியிலிருந்து ஒரு பாட்டை எடுத்து வெளியிட்டார்கள். அதில் அவர் குரலைக் கேட்டு அழுதவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது இருபது வருஷத்துக்கு முந்திய குரல்.

2024 செப்டெம்பர் 5-ஆம் திகதி ஒரு நேரலைக் கச்சேரி நடத்தினார்கள். அதில் புதுப் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ரோங், புது ட்ரம்ஸ்காரர் கொலின் பிரிட்டன் இருவரையும் அறிமுகப்படுத்தினார்கள். அதே நாளில் 'தி எம்ப்டினெஸ் மெஷின்' பாட்டும் வீடியோவும் வந்தன. நவம்பர் 15-இல் 'ஃப்ரம் ஸீரோ' தொகுப்பு வந்தது. தொகுப்பின் பெயரில் அந்தப் பழைய 'ஸீரோ'வும் ஒளிந்திருக்கிறது.

நான் அந்த லைவை எப்படித் தவறவிட்டேன்? பின்னேரம் எண்டுதானே சொன்னாங்க?

பின்னேரம் 3 மணி லொஸ் ஏஞ்சலிஸுக்கு. செப்டெம்பரில் அவர்கள் நம்மைவிடப் பன்னிரண்டரை மணித்தியாலம் பின்னால். ஆகவே கொழும்பில் அது 6-ஆம் திகதி வெள்ளிக்கிழமை அதிகாலை 3.30. மறுநாள் விநாயகர் சதுர்த்தி. நான் ஹெட்போனோடு ஹோலில் உட்கார்ந்திருந்தேன். எழும்பி வந்த அம்மா, நான் ஏதோ வேண்டுதலுக்காக முழித்திருக்கிறேன் என்று நினைத்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஒரு வகையில் வேண்டுதல்தான்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. ஓகஸ்ட் கடைசியில் அவர்கள் தளத்தில் 100 மணித்தியாலக் கடிகாரம் ஒன்று கீழ்நோக்கி ஓடியது. பூச்சியத்துக்கு வந்ததும் நின்றுவிடும் என்று பார்த்தால், மேல்நோக்கி எண்ணத் தொடங்கியது! அன்றைக்கே பாதிப் பேர் வெறுத்துப் போனார்கள். மீதிப் பேரின் முகநூலில் அந்த மாதம் முழுக்க ஜனாதிபதித் தேர்தல். எனவே தவறவிட்டதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது.

வீடியோவில பாடுற அந்தப் பிள்ளை ஆர்? எங்கயிருந்து பிடிச்சாங்க?

பிள்ளை இல்லை, நாற்பதுக்குக் கிட்ட வயது. 'டெட் சாரா' என்ற லொஸ் ஏஞ்சலிஸ் ராக் குழுவில் பல வருஷம் பாடியவர். சும்மா போட்டி வைத்து எடுத்த குரல் அல்ல.

மச்சான், செஸ்டர் இல்லாத லிங்கின் பார்க் எப்படி லிங்கின் பார்க் ஆகும்? பேரை மாத்தியிருக்கலாமே?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பன் கொத்து ரொட்டியை ஆறவிட்டு ஒரு மணித்தியாலம் இதற்காகச் சண்டை பிடித்தான். அவனுக்கு நான் சொன்ன முதல் விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை: செஸ்டர் இந்தக் குழுவின் முதல் பாடகர் அல்ல. 'ஸீரோ' காலத்தில் பாடியவர் மார்க் வேக்ஃபீல்ட். அவர் விலகிய பிறகு 1999-இல்தான் அரிசோனாவிலிருந்து செஸ்டர் வந்து சேர்ந்தார். 'லிங்கின் பார்க்' என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதான். நண்பன் இதைக் கேட்டுவிட்டு, "அது வேற, இது வேற" என்றான். அவன் சொன்னதும் சரிதான். மார்க் போனபோது அந்தக் குழுவை யாருக்கும் தெரியாது. செஸ்டர் போனபோது வெள்ளவத்தையில் ஒருவன் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தான்.

உலகத்தில் இது முதல் தடவையும் இல்லை. ஏசி/டிசி குழுவின் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரியில் இறந்தார், பிரையன் ஜோன்சன் வந்தார், அதே வருஷம் ஜூலையில் அவர்களின் மிகப் பெரிய தொகுப்பு வெளியானது. அங்கே இடைவெளி ஐந்து மாதம், இங்கே ஏழு வருஷம். ஏழு வருஷம் என்றால் துக்கம் ஆறியிருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு மறுபக்கமாகத் தெரிகிறது. ஏழு வருஷத்தில் நாம் அந்தக் குரலை நம் சொந்தச் சொத்தாக எழுதிக்கொண்டோம். இப்போது உரிமைக்காரன் வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறான்.

பெயரை மாற்றியிருக்கலாமா? மைக், ஜோ ஹான், பிராட் டெல்சன், பீனிக்ஸ் என்று அழைக்கப்படும் டேவ் ஃபாரெல் ஆகிய நால்வரும் பழைய ஆட்கள். 'நம்ப்' வீடியோவை இயக்கிய ஜோ ஹான்தான் இப்போதும் குழுவின் வீடியோக்களை இயக்குகிறார். பெயரை அவர்கள் வைத்திருப்பதில் எனக்கு வழக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால், கொட்டாஞ்சேனைக்குப் போங்கள், துணைக்கு ஒரு ஆள் இருக்கிறான்.

பொம்பிளைக் குரலில அந்தப் பாட்டுகளை எப்படியடா கேக்கிறது?

காதால். மன்னிக்க வேண்டும், இதைப் பதினைந்து தடவையாவது கேட்டுவிட்டார்கள்.

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். எம்.ஜி.ஆர். வாயசைத்தால் பெரும்பாலும் டி.எம்.எஸ். குரல் வரும் என்று பழகிய நம் ஆட்களுக்கு, 1969-இல் எஸ்.பி.பி. என்ற இளம் பெடியன் அதே எம்.ஜி.ஆருக்குப் பாடியபோது எப்படி இருந்திருக்கும்? ஒரு முகத்துக்கு ஒரு குரல் என்று காது பழகிவிடும். அந்தப் பழக்கம் உடைகிற சத்தம்தான் முதல் நாள் நமக்குக் கேட்டது. எஸ்.பி.பி. டி.எம்.எஸ். மாதிரிப் பாட முயலவில்லை. எமிலியும் செஸ்டர் மாதிரிப் பாடவில்லை.

'தி எம்ப்டினெஸ் மெஷின்' பாட்டை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். தொடங்குவது மைக். முதல் சரணமும் பல்லவியும் நமக்குப் பழக்கமான குரல். இரண்டாம் சரணத்தில்தான் எமிலி வருகிறார். நேரலையிலும் இதே பாட்டோடுதான் தொடங்கினார்கள், இதே வரிசையில்தான் அவரை வெளியே காட்டினார்கள். வீட்டுக்குப் புது மருமகள் வரும்போது மாமியார் வாசலில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி. 'ஓவர் ஈச் அதர்' என்ற இன்னொரு புதுப் பாட்டு வரும்போது அந்தக் கையை விட்டுவிட்டார்கள். அதில் முக்கியக் குரல் எமிலியுடையது மட்டுமே.

மாமா, நீங்க சொல்றது பழசு. 'ஹெவி இஸ் தி க்ரௌன்' வீடியோ பாத்தனீங்களா? அதுதான் மாஸ்.

பார்த்தேன் மருமகனே. பதினாறு வயதுக்காரனுக்கு அதுதான் வாசல். அது 'லீக் ஒஃப் லெஜண்ட்ஸ்' என்ற கணினி விளையாட்டின் 2024 உலகச் சம்பியன் போட்டிக்கான பாட்டு, செப்டெம்பர் 24-இல் வந்தது. விளையாட்டு நிறுவனம் செய்த அனிமேஷன் வீடியோ ஒன்று, குழுவின் சொந்த வீடியோ ஒன்று என இரண்டு இருக்கின்றன. பலர் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். நவம்பர் 2-இல் லண்டனில் நடந்த இறுதிப் போட்டியிலும் இவர்களே வந்து பாடினார்கள். ஃபேக்கர் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் இருக்கும் தென் கொரியாவின் டி1 அணிதான் வென்றது.

இந்தப் பாட்டில் எமிலி மூச்சுவிடாமல் இழுக்கும் ஓர் அலறல் இருக்கிறது. 2007-இல் செஸ்டர் ஒரு பாட்டில் 17 செக்கன் அலறியதை நாங்கள் டியூஷன் வகுப்புக்கு வெளியே மணிக்கூடு பிடித்து அளந்திருக்கிறோம், செய்து பார்த்து இருமியும் இருக்கிறோம். இப்போது மருமகனும் கூட்டாளிகளும் எமிலியுடையதை அளக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு இந்தச் சண்டையெல்லாம் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது.

டிஸ்லைக் எத்தனை எண்டு பாத்தா உண்மை தெரியுமே. ஏன் காட்டுதில்லை?

2021 நவம்பரிலிருந்து யூடியூப் அந்த எண்ணிக்கையைப் பொதுவில் காட்டுவதில்லை. பொத்தான் இருக்கிறது, அழுத்தலாம், எண் வீடியோ போட்டவருக்கு மட்டும் தெரியும். அதைக் காட்டுவதாகச் சொல்லும் கூடுதல் செயலிகள் பெரும்பாலும் மதிப்பீடுதான் தருகின்றன. அதை ஆதாரமாக வைத்து வாதாட வேண்டாம்.

நான் ராத்திரி முழுக்க ஓட விட்டால் வியூ கூடுமா?

கூடாது, உங்கள் டேட்டாதான் குறையும். ஒரே ஆள் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப ஓட விட்டால் யூடியூப் அதில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. புது வீடியோவின் எண்ணிக்கை முதல் நாட்களில் நின்று நின்று நகர்வதும் இந்தச் சரிபார்ப்பால்தான், யாரும் சதி செய்யவில்லை. கட்டண விளம்பரத்தால் வந்த பார்வைகளை, முதல் 24 மணித்தியாலத்தில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ எது என்ற சாதனைக் கணக்கில் சேர்ப்பதையும் அவர்கள் 2019-இல் நிறுத்திவிட்டார்கள். பிடித்திருந்தால் இரண்டு தரம் முழுதாகப் பாருங்கள், போதும்.

இந்த ரியாக்‌ஷன் வீடியோக்காரர் ஏன் ஒவ்வொரு வரிக்கும் நிப்பாட்டுறாங்கள்? அழுறது உண்மையோ?

பாட்டைக் கேட்டபடி தங்களையே படம் பிடித்துப் போடும் இவர்கள் நிறுத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் காப்புரிமை. முழுப் பாட்டையும் தொடர்ந்து போட்டால் யூடியூபின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகும், அல்லது வீடியோவே முடங்கும். அதனால் பத்து செக்கனுக்கு ஒரு முறை நிறுத்தி, "வாவ்" சொல்லி, தலையில் கை வைப்பார்கள். 'முதல் தடவை கேட்கிறேன்' என்று சொல்பவர்களில் எத்தனை பேர் ஏற்கனவே இரண்டு தரம் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் ஆண்டவனுக்கும் தெரியும்.

ஆனால் அழுகையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். என் கூட்டாளி ஒருவன் கமராவே இல்லாமல் அழுதான். எமிலி வந்தபோது அவன் அழவில்லை. முதல் வரியில் மைக் குரல் வந்தபோதே அழுதுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "இவன் தனியா நிண்டவன்தானே இவ்வளவு நாளும்" என்றான். பாடல் பயிற்சியாளர்கள் செய்யும் ரியாக்‌ஷன்கள் பயனுள்ளவை. தொண்டையைப் புண்ணாக்காமல் எப்படி அலறுவது என்று விளக்குகிறார்கள். எங்கள் டியூஷன் காலத்தில் யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

ட்ரம்ஸ் அடிக்கிறவரும் ஆள் மாறிட்டார், மேடையில கிட்டார் அடிக்கிறவரும் வேற ஆள். மிச்சம் என்ன?

பழைய ட்ரம்ஸ்காரர் ரொப் போர்டன் திரும்பி வரவில்லை, அவர் இடத்தில்தான் கொலின் பிரிட்டன். பிராட் டெல்சன் குழுவிலேயே இருக்கிறார், பாட்டுகளிலும் வாசிக்கிறார். ஆனால் சுற்றுப்பயணத்துக்குப் போவதில்லை. மேடையில் அவருக்காக வாசிப்பவர் அலெக்ஸ் ஃபெடர். மற்றது பெயர் பற்றிய பதிலில் சொன்னதுதான்.

எமிலியைப் பற்றி ஒரு பிரச்சினை ஓடிச்சே, அதை ஏன் ஒருத்தரும் கதைக்கிறீங்கள் இல்லை?

கதைக்கலாம். ஒரு நடிகர் மீதான பாலியல் வல்லுறவு வழக்கின் ஆரம்ப விசாரணைக்கு, அவருக்கு ஆதரவாக எமிலி நீதிமன்றம் போயிருந்தார். அந்த நடிகர் 2023-இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். புதுப் பாடகி யார் என்று தெரிந்த அடுத்த நாளே இது வெளியே வந்தது. எமிலி இன்ஸ்டகிராமில் ஓர் அறிக்கை போட்டார்: நண்பர் என்று நினைத்தவருக்காக ஒரு தடவை போனதாகவும், போயிருக்கக் கூடாது என்று விரைவிலேயே உணர்ந்ததாகவும், அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை என்றும். செஸ்டரின் மகன்களில் ஒருவரும் குழுவின் தெரிவை வெளிப்படையாக எதிர்த்தார்.

அந்த விளக்கம் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், போதாது என்பவர்களும் இருக்கிறார்கள். போதாது என்று சொல்லிக் கேட்பதை நிறுத்திய ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும், அவளோடு நான் வாதாடவில்லை. அவள் கேள்வி நியாயமானது. எனக்கு எரிச்சல் வருவது வேறு சிலரோடு. பெண் பாடுகிறாள் என்பதுதான் அவர்களுக்கு உண்மையில் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு இந்த வழக்கைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அடுத்த கேள்வியில் "பொம்பிளைக் குரல்" என்று தொடங்கினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

செஸ்டரின்ர பழைய வரிகளை இப்ப கேட்டா நெஞ்சு பதறுது. புதுசைக் கேக்கவும் மனம் வருதில்லை. எனக்கு மட்டுமோ?

உங்களுக்கு மட்டும் இல்லை. பதினெட்டு வயதில் அந்த வரிகளை வெறும் கோபமாகக் கேட்டோம். 2017-க்குப் பிறகு அதே வரிகள் வேறு ஒன்றைச் சொல்வது போல இருக்கின்றன. அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், நாங்கள் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தோம் என்ற குற்ற உணர்வு வரும். எனக்கு இரண்டு வருஷம் பழையதைக் கேட்க முடியவில்லை. கட்டாயமில்லை, விட்டுவிடுங்கள், அவை எங்கேயும் போகாது. பதற்றம் பாட்டோடு நிற்காமல் உங்கள் இரவுகளுக்குள்ளும் வந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

எனக்குப் புதுப் பாட்டு பிடிச்சிட்டுது அண்ணா. ஆனால் செஸ்டருக்குத் துரோகம் செய்யிற மாதிரி இருக்கு.

தம்பி, உனக்கு ஒரு கதை சொல்கிறேன். 2002-இல் ஏ9 பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து என் மச்சான் முதல் தடவையாகக் கொழும்புக்கு வந்தான். பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவுக்கும் மெஜஸ்டிக் சிட்டிக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த வருஷம் அவன் திரும்ப வந்தபோது, கணினியில் எழுதிய 'மீட்டியோரா' சீடி ஒன்றைக் கொடுத்துவிட்டேன், மேலே பேனாவால் பெயர் எழுதி. அவன் ஊரில் போய் எங்கள் பெரியப்பாவின் பழைய செட்டில் போட்டு, கூட்டாளிகளுக்குச் சுற்றக் கொடுத்து, கீறல் விழுந்து, கடைசியில் இரண்டு பாட்டு மட்டும் ஓடியதாம். அவன் இப்போது டொரொன்டோவில். செப்டெம்பர் 6 காலையில் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்த சீடி எங்கயெண்டு தெரியுமாடா?" என்று கேட்டான்.

புதுப் பாட்டைப் பிடிக்கவில்லை என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப் பேர் அந்த சீடியைத்தான் தேடுகிறார்கள். நீ அதைக் கேட்டு வளரவில்லை, நீ பிறந்ததே 2007-இல். உனக்கு எமிலி குரல்தான் முதலில் வந்தது என்றால் அதில் என்ன துரோகம்? அப்படியே பின்னால் போய் 'ஹைப்ரிட் தியரி'யைக் கேள். நாங்கள் முன்னால் வர முக்குகிறோம், நீ பின்னால் போ, எங்கேயாவது சந்திப்போம்.

பிடிக்கேல்லை எண்டு சொன்னால் அடிக்க வாறாங்கள். சொல்லக் கூடாதோ?

தாராளமாகச் சொல்லலாம். 'ஹெவி இஸ் தி க்ரௌன்' பாட்டின் மெட்டு முன்பு கேட்ட மாதிரியே இருக்கிறது என்று நானும் சொல்கிறேன். 'டூ ஃபேஸ்ட்' என்ற புதுப் பாட்டில் ஜோ ஹான் இசைத்தட்டைச் சுழற்றும்போது எனக்கு 2000-ஆம் ஆண்டு திரும்பி வந்தது போல் இருக்கிறது, மருமகனுக்கு அது கிழட்டுச் சத்தம். ஒரே ஒரு வேண்டுகோள்: முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இருபது செக்கன் ரீல்ஸைப் பார்த்துவிட்டு வருபவர்களோடு நான் கதைப்பதில்லை.

கொழும்புக்கு வருவாங்களா?

2024 நவம்பரில் அறிவித்த பட்டியலில் கொழும்பு இருக்கவில்லை. அதில் நமக்குக் கிட்ட என்றால் 2025 பெப்ரவரியில் ஜகார்த்தா. விமான டிக்கெட் விலையைப் பார்த்தேன், மூடிவிட்டேன், நேற்று இரவு திரும்பவும் திறந்து பார்த்தேன். கொட்டாஞ்சேனைக்காரன் "நீ போனால் நானும் வாறன், கூவுறதுக்கு" என்று செய்தி அனுப்பியிருக்கிறான்.